யாரைக் கேட்டாள்

தங்கதுரை துபாயிலிருந்து வருவதற்குள் அவன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்தவளை வருஷக்கணக்காகக் கவனித்தது அக்கா செல்வமணி. அம்மா இறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து குளித்துவர வீட்டுக்குப் போனவள், தம்பியின் நண்பன் குணசீலனை கட்டிலருகே இருக்கச் சொன்னாள். அவனோ டீக்கடையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். அவன் திரும்பியபோது அம்மாவின் மூச்சு அடங்கியிருந்தது. அதைத் தங்கதுரையிடம் சொல்லிவிடத்தான் குணசீலன் இப்போது வந்திருந்தான்.

தங்கதுரை அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "நீயாவது பக்கத்துல இருந்தியேடா. கடைசியா அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

குணசீலன் தலையாட்டினான். "உன்னைத்தான் கேட்டாங்க. துரை வந்துட்டானான்னு."

தங்கதுரை குலுங்கி அழுதான்.

அறை வாசலில் செல்வமணி வந்து நின்றிருந்தாள். "என்னைக் கேக்கலையா, தம்பி?" என்றாள் குணசீலனிடம்.