ஊசியைக் கீழ வைங்க

"சார், ஊசியைக் கீழ வைங்க. இனிமே நீங்க போட வேண்டாம்."

ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது. சொன்னவள் ஒரு மாணவி. லேபில் அவளுக்கு 'பட்டாசு' என்று பேர். கேட்டுக்கொண்டு நின்றவர் லேபுக்கே தலைவர்.

சாரின் இடது உள்ளங்கையில் நேற்றுப் பிறந்த எலிக்குட்டி. சுண்டுவிரல் அளவுகூட இல்லை. வலது கையில் ஊசி. ஊசிக்குள் வைரஸ். நோய் தரும் சரக்கை உருவி எறிந்துவிட்டு, பச்சையாக ஒளிர வைக்கும் மரபணுவை அதில் ஏற்றியிருந்தார்கள். மூளைக்குள் சரியான இடத்தில் இறக்கினால், அங்கே இருக்கிற செல்கள் மட்டும் மைக்ராஸ்கோப்பில் பச்சையாகத் தெரியும். இடம் தப்பினால் எலியும் வீண், வேலையும் வீண்.

"என்ன சொன்னே?"

"கீழ வைங்கன்னு சொன்னேன்."

"ஊசிக்கு முனை எது, மூடி எதுன்னு தெரியாம வந்தவ நீ! சொல்லிக்கொடுத்தவன்கிட்டயே உன் திமிரைக் காட்டறியா?"

"சொல்லிக்கொடுத்தீங்க சார். இல்லேன்னு சொல்லல. குட்டியைக் கொடுங்க."

கிட்டத்தட்டப் பிடுங்கினாள். தானே ஊசியைப் போட்டு முடித்தாள்.

சார் முகம் சிவந்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேளு. இல்லேன்னா நாளைக்கே வேற லேப் தேடிக்கோ!"

அவர் வெளியே போய்க் கதவை அறைந்த வேகத்தில் அலமாரிக் குடுவைகள் கிணுகிணுத்தன.

லேபிலேயே மூத்தவள், எல்லாருக்கும் அக்கா, வராந்தாவில் அவளை மடக்கினாள்.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகமாடி? எல்லா ஊசியையும் நீயே போட்டா, கட்டுரையில உன் பேரு முதல்ல வரும். அதானே கணக்கு?"

"ஆமா, அதேதான்."

"சொல்ல வெட்கமா இல்ல?"

"இல்லக்கா. போய் எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ஒருத்தரையும் விடாதீங்க."

பட்டாசு விறுவிறுவென்று மைக்ராஸ்கோப் அறைக்குப் போனாள். சாரும் அங்கேதான் இருந்தார். கதவைச் சாத்தினாள்.

"மன்னிப்பு கேக்க வந்தியா?"

"அது அப்புறம். முதல்ல இதைப் பாருங்க."

திரையில் மூன்று படங்கள். மூன்றும் எலி மூளையின் மெல்லிய சீவல்கள். முதல் படத்தில் ஊசி இறங்கிய தடம் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. அதன் அடியில் பச்சைச் செல்கள் ஒரே கொத்தாக. இரண்டாவதில் தடம் கொஞ்சம் பிசிறடித்திருந்தது. மூன்றாவதில் கோடே இல்லை, கடித்துத் துப்பிய நூல் மாதிரி ஏதோ ஒன்று. பச்சை கண்ட இடத்திலும் சிதறிக் கிடந்தது.

சார் மேஜையைத் தட்டினார். "என்ன கண்றாவி இது? இந்த லட்சணத்துல ஊசி போட்டுட்டுத்தான் என்னைக் கீழ வைக்கச் சொன்னியா?"

"மூணும் நீங்க போட்டது சார்."

சார் குனிந்து, படங்களுக்கு அடியில் இருந்த தேதிகளைப் பார்த்தார்.

"மாசத்துக்கு மாசம் மோசமாகிட்டே வருது. தனியா சொல்லலாம்னு ரெண்டு தடவை வந்தேன். நேரமில்லைன்னு விரட்டி விட்டீங்க. இன்னைக்கு வேற வழி தெரியல."

கைநடுக்க நோயில் எந்தச் செல் முதலில் சாகும் என்று ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்துகிற மனுஷன். தன் வலது கையைப் பார்த்தார். மெல்ல அதைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. நான் பேராசைக்காரின்னுதான் வெளிய பேசிட்டிருக்காங்க. பேசட்டும்." அவள் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. "வாங்க, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன். கேட்டு முடிச்சதும் நீங்க நேரா டாக்டர்கிட்ட போய்த் தொலைங்க சார்!"