கம்ப்யூட்டர் மழை

எர்ணாவூர் வீட்டில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டரில், சங்கமித்ரா சத்தங்களாலேயே ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவின் ராயபுரத்து மாதா கோயில் மணியும், அப்பா பிறந்த ரங்கூனின் மழையும் அங்கே ஒரே தெருவில் கேட்கும். அந்த மழையை அவள் எங்கும் பதிவு செய்யவில்லை. அப்பா சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்கினாள். பத்து வயதில் அவர் இங்கே வரக் கப்பலேறியபோது, அவருடைய அக்கா மியா, பர்மாக்காரியான தங்கள் அம்மாவோடு ரங்கூனிலேயே தங்கிவிட்டாள். பிறகு கடிதமும் நின்றுபோனது.

கம்ப்யூட்டரில் அந்த மழை பிடிக்கும்போதெல்லாம் சங்கமித்ராவின் அம்மா நிஜமென்று துணியெடுக்க மாடிக்கு ஓடுவாள். மேலே வெயில் கொளுத்தும்.

ஒருநாள் அவள் ஓடவில்லை. "உன் மழைக்கு எத்தினி தபாதான் ஓடறது, போடீ" என்றாள்.

சாயங்காலம் போய்ப் பார்த்தபோது கொடி காலியாக இருந்தது. தரையில் ஈரமில்லை. துணிகள் மேல்படியில் மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்து வீடுகளில் யாரும் எடுக்கவில்லை என்றார்கள்.

அப்பாவின் சட்டை மட்டும் உள்ளங்கை அளவுக்கு மடிந்திருந்தது. அவர் அதைப் பிரிக்காமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"பொட்டியில எடம் பத்தலன்னு, கப்பலுக்குக் கெளம்பும்போது அக்கா இப்டிதான் மடிச்சுக் குட்த்துச்சு."

மறுநாள் அவரே அந்தச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டார். கீழே வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாக்கெட்டுல உன் போட்டோ கீது. நனையாம கவர்ல சுத்தி வச்சிக்கீறேன். அக்கா உன்ன பாத்ததே இல்லியே. மழையப் போடும்மா."