ஹூஸ்டன் வழக்கம்

"உங்க வீட்ல துப்பாக்கி ஏதாவது இருக்கா?"

அனுராதா இப்படிக் கேட்டதும் தமிழ்நிலா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அரிவாமணை இருக்கு. மண்வெட்டி இருக்கு. பூச்சிமருந்து இருக்கு, அதைப் பூட்டி வெச்சிருக்கோம். துப்பாக்கி இல்ல. ஏன் அனு, வேணுமா?"

"இல்லப்பா. நேத்ராவ உங்க இளம்பரிதியோட விளையாட விடலாம்னு. அதான் கேட்டேன்."

இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். தமிழ்நிலா உள்ளூரிலேயே இருந்து, பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆகிவிட்டாள். அனுராதா அமெரிக்கா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஆளுக்கு ஏழு வயதில் ஒரு பிள்ளை. இந்த ஒரு மாத லீவில் அந்த இரண்டும் சிநேகமாகிவிட வேண்டும் என்பதுதான் அனுராதாவின் ஆசை.

"ஹூஸ்டன்ல இது சாதாரணம் நிலா. பிள்ளைய ஒரு வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நாய் இருக்கா, துப்பாக்கி இருக்கான்னு கேட்டுடுவோம். எங்க தெருவுல பாதி வீட்ல இருக்கு. 'மூணு இருக்கு, பூட்டியிருக்கு'ன்னு கூச்சப்படாம சொல்லுவாங்க. முன்னாடி பாஸ்டன்ல இருந்தோம்ல, அங்க வெச்சிருக்கறவங்களே கம்மி. கேட்டா முகம் சுண்டிப் போயிடும்."

"இப்ப நான் ஹூஸ்டனா, பாஸ்டனா?"

"ஹூஸ்டனாவே இரு."

தமிழ்நிலா சிரித்தாள். அடுப்படியில் இருந்த அவள் அம்மா அம்சத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சாயந்திரத்துக்குள் விஷயம் ஊர் சுற்றி வந்துவிட்டது. பால் சொசைட்டியில் அனுராதாவின் அப்பா தியாகராசனிடமே விசாரித்தார்கள்.

"உங்க பொண்ணு வீடு வீடா சோதனை போடுதாமே?"

மூன்று வேலி, அதாவது இருபது ஏக்கர் நிலக்காரர் அவர். பால் தூக்கை அங்கேயே மறந்துவிட்டு வேகுவேகென்று வீட்டுக்கு வந்தார்.

"வைரக்கண்ணு வீட்ல போயி துப்பாக்கி இருக்கான்னு கேட்டியாம்மா?"

"தமிழ்நிலாகிட்டதான்ப்பா கேட்டேன்."

"வைரக்கண்ணு மகதானே அவ? அந்த மனுஷன் இருபது வருஷம் நம்ம வயல்ல உழைச்சவரு. இன்னிக்குச் சொந்தமா நிலம் வாங்கி, பொண்ண டீச்சராக்கி, தலை நிமிந்து நிக்கிறாரு. அவங்க வீட்டு வாசல்ல போயி இப்படிக் கேட்டா, நாம சந்தேகப்படறோம்னு ஆவாதா? இது என்ன உங்க டெக்ஸாஸா? தஞ்சாவூர் ஜில்லாவுல யாரும்மா துப்பாக்கி வெச்சிருக்கா?"

அனுராதா தலைகுனிந்து நின்றாள்.

"காலையில ஒரு சீப்புப் பூவம்பழம் எடுத்துட்டுப் போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா. அந்தப் பையன நம்ம வீட்டுக்கு விளையாட அனுப்பச் சொல்லு. அதான் மரியாதை."

திட்டு வாங்கினாலும் அவளுக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் பழச்சீப்போடு போனாள்.

"நேத்து கேட்டதத் தப்பா எடுத்துக்காத நிலா. சாயந்திரம் இளம்பரிதிய எங்க வீட்டுக்கு அனுப்பு."

தமிழ்நிலா பழத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

"கோவமா?"

"சத்தியமா இல்ல. நேத்ரா தினமும் இங்க வரட்டும்."

"அவனும் அங்க வரட்டுமே. சின்னதுலயும் நீ இப்படித்தான். நான்தான் உங்க வீட்டுக்கு ஓடி வருவேன். மொத்தமே நீ ரெண்டு தடவதான் வந்திருக்க. எங்க அம்மா உன்னைக் கொல்லைப்பக்கமா வரச் சொல்லுவாங்கன்னுதானே? அதை நெனச்சு ஹூஸ்டன்ல எத்தனையோ நாள் அழுதிருக்கேன்."

"அதுக்கெல்லாம் பயந்திருந்தா நான் பள்ளிக்கூடமே போயிருக்க முடியாது அனு."

"அப்பறம் என்ன?"

"உங்க கூடத்துல, உங்க தாத்தா போட்டோவுக்குக் கீழ ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி மாட்டியிருக்குமே. இப்பவும் இருக்கா?"

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துப் பொட்டு வைத்தவளே அனுராதாதான். கடிகாரம், காலண்டர் என்று சுவரில் இருப்பவற்றோடு அதுவும் ஒன்று, அவ்வளவுதான். நான்கு நாளாக நேத்ரா அதற்குக் கீழேதான் பாய் போட்டுத் தூங்குகிறாள்.

"அது... அதுக்கு லைசென்ஸ் இருக்கு. சும்மாதான் மாட்டியிருக்கு."

"இருக்கட்டும். எங்க அப்பாவும் உன்னை மாதிரிதான். துப்பாக்கி இருக்கற வீட்டுக்குப் பிள்ளைய அனுப்ப மாட்டேன்னு அப்பவே சொல்லிட்டாரு. ஆனா நீ கேட்ட மாதிரி, அவரு உங்க அப்பாகிட்ட வந்து 'பூட்டி வெச்சிருக்கீங்களா'ன்னு கேட்க முடியுமா?"

அனுராதாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அப்ப அந்த ரெண்டு தடவை மட்டும் எப்படி விட்டாரு?"

"ரெண்டும் எலெக்‌ஷன் மாசம். லைசென்ஸ் துப்பாக்கிய எல்லாம் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லிடுவாங்கல்ல. உங்க அப்பா ஒப்படைச்சுட்டு வர்றத எங்க அப்பா கண்ணால பாத்துட்டு, அப்பறம்தான் என்னை அனுப்புனாரு."

வாசலில் பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து மண்ணில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தன. தமிழ்நிலா ஒரு பழத்தை உரித்துத் தோழியின் கையில் கொடுத்தாள்.

"அடுத்த தடவை எலெக்‌ஷன் சமயமாப் பாத்து லீவு போடு அனு. இளம்பரிதிய நானே கூட்டிட்டு வர்றேன்."