அந்தப் பிள்ளை வேண்டாம்

"உவளை என்ரை கட்டிலுக்குக் கிட்ட விடாதேங்கோ மிஸி," என்றாள் மக்டலீன். ஆஸ்பத்திரியின் பெண்கள் விடுதியே திரும்பிப் பார்த்தது.

சுடுதண்ணீரும் துவாயுமாக நின்ற கீர்த்திகாவுக்கு முகம் எரிந்தது. அந்த விடுதியில் அவள் ஒருத்திதான் தாதிய மாணவி. மற்றத் தாதிமார் யார் வந்தாலும் மக்டலீன் மறுப்பதில்லை. பொறுப்புத் தாதி றெஜினா மிஸி வந்து, துவாயை வாங்கிக்கொண்டார்.

மக்டலீன் குருநகர்ச் சந்தையில் மீன் விற்றவள். வந்த புதிதில் கீர்த்திகாவோடுதான் நெடுகக் கதைப்பாள். ஊர் எது, தகப்பன் என்ன தோட்டம் செய்கிறார், முன்பு எந்த விடுதியில் நின்றாள் என்றெல்லாம் விசாரித்தாள். இதுதான் முதல் விடுதி என்றபோது சிரித்து, தன் பிஸ்கற்றில் பாதியை உடைத்துக் கொடுத்தாள்.

ஈரலில் வந்த புற்றுநோய்க்கு இனி வைத்தியமில்லை என்று டொக்டர் அவள் கணவன் சிமியோனிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று சிமியோன் எல்லோரையும் கும்பிட்டுக் கேட்டிருந்தான். முந்தின நாள் பின்னேரம், வீட்டுக்குப் போக எப்போது துண்டு வெட்டுவார்கள் என்று மக்டலீன் கேட்க, வாற கிழமை என்றாள் கீர்த்திகா. மக்டலீன் அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் இந்தச் சத்தம்.

பொய் பிடிபட்டுவிட்டது, அதனால்தான் வெறுக்கிறாள் என்று கீர்த்திகா நினைத்தாள். நோவைக் குறைக்க முடியவில்லை. உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. முகத்தைத் துடைத்துவிடக்கூட இனி வழியில்லை. பிறகு எதற்கு இந்த வெள்ளைச் சட்டை? மத்தியானம் சாவகச்சேரிக்குப் போன் எடுத்து, தன்னை வந்து கூட்டிக்கொண்டு போகும்படி தகப்பனிடம் சொன்னாள். அவர் காரணம் கேட்டார். அவளுக்கு அழுகைதான் வந்தது.

உடுப்பு மாற்றுவதற்காக விடுதியைக் கடந்தபோது, மக்டலீனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. றெஜினா டொக்டரைக் கூப்பிட ஓடினார். சிமியோன் சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தான். கட்டிலருகே ஒருவருமில்லை.

கீர்த்திகா போய்க் கையைப் பிடித்தாள். மக்டலீன் அதை இழுக்கப் பார்த்தாள். பலமில்லை. கீர்த்திகா விடவுமில்லை.

"அன்ரி, என்னிலை கோபமெண்டால் பிறகு பேசுங்கோ. இப்ப நான் நிக்கிறன்."

மக்டலீன் தலையை மெல்ல ஆட்டினாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"கோபமில்லை பிள்ளை. நீ முதன்முதலாப் பாக்கிற சாவு என்ரையா இருக்க வேண்டாமெண்டுதான்."