வெறும் படகு

“அண்ணை, சைக்கிள்காரனும் எங்களை முந்திப் போறான்!”

பின்சீற்றில் இருந்து லவீனா சொன்னாள். உண்மைதான். கீரைக்கட்டோடு போன ஒருவர் பிக்கப்பை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் உள்ளே ஒருதரம் எட்டியும் பார்த்தார்.

சாரதி கேதீஸ்வரன் சிரித்தார். “போகட்டும் தங்கச்சி. அவருக்குப் பின்னாலை ட்ரெயிலர் இல்லை.”

ட்ரெயிலரில் படங்கு போட்டு மூடியிருந்தது லவீனா வீட்டுப் படகு. பதினைந்து வருஷம் மற்றவர்களின் படகில் கூலிக்குப் போன அவள் கணவன் செபநாயகம் சொந்தமாக வாங்கிய முதல் படகு. வல்வெட்டித்துறையில் வாங்கி, குருநகருக்குக் கொண்டுபோகிறார்கள். நாலு மணிக்குக் கரையில் பாதர் வந்து ஆசீர்வதிப்பதாக ஒழுங்கு. நாலரைக்கு அவருக்கு வேறு இடத்தில் பூசை.

இப்போதே மூன்று மணி. இன்னும் அச்சுவேலி தாண்டவில்லை.

வெளிக்கிட்ட கொஞ்ச நேரத்திலேயே, தொண்டைமானாற்றடியில் கேதீஸ்வரன் வண்டியை நிறுத்தினார். இறங்கி ட்ரெயிலரைச் சுற்றிவந்தார். டயரைக் காலால் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பி ஏறியவர் கியரை ‘டீ’யில் இருந்து எடுத்து ‘ரெண்டில்’ போட்டார். அதோடு சரி. பிறகு வண்டி திருவிழா ஊர்வலம் மாதிரித்தான் போனது.

“ஓட்டோ கியர் தங்கச்சி. பாரம் இழுக்கேக்கை ‘டீ’யிலை விட்டா கியர் மாறி மாறி விழும். ஒயில் கொதிக்கும். பேந்து கியர் பொக்ஸைக் கழட்டி எறிய வேண்டியதுதான்.”

“என்ன பெரிய பாரம் அண்ணை? வெறும் படகு! எங்கடை கரையிலை எட்டுப் பேர் பிடிச்சாத் தூக்கிப்போடுவினம்.” முன்சீற்றில் இருந்த கணவனின் தோளில் தட்டினாள். “நீங்களும் ஒண்டைச் சொல்லுங்கோவன்!”

செபநாயகம் செருமினார். “ஓம்... கொஞ்சம் மிதிச்சுப் போனா நல்லம்தான்,” என்றார், யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

கேதீஸ்வரன் அவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

நீர்வேலியில் மர நிழல் ஒன்றைக் கண்டதும் வண்டி மறுபடி நின்றது. பொனற் திறந்தது.

“பத்து நிமிஷம் ஆறட்டும்.”

லவீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கை ஜெயனி போன் எடுத்தாள். “அக்கா, பாதர் வெள்ளனவே வந்திட்டார்! மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்!”

“நான் என்னடி செய்ய? வண்டியைக் கலியாணம் கட்டின மனிசனிட்டை ஆப்பிட்டிட்டம்!” கேதீஸ்வரனுக்குக் கேட்கவேண்டும் என்றே உரத்துச் சொன்னாள்.

அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கார்ட்போட் மட்டையால் எஞ்சினுக்கு விசிறிக்கொண்டு நின்றார்.

செபநாயகம் கடைக்குப் போய் மூன்று சோடாவோடு வந்தார். முதல் சோடாவை உடைத்துச் சாரதியிடம்தான் கொடுத்தார்.

“அவருக்குச் சோடா வேறையோ!” என்று லவீனா பல்லைக் கடித்தாள்.

கோப்பாயில் இன்னொரு பத்து நிமிஷம்.

குருநகர்க் கரைக்கு வந்து சேர நாலு பத்து. பாதர் மோட்டார்சைக்கிளில் ஏறி, ஹெல்மெட்டைக் கையில் எடுத்திருந்தார். லவீனா வண்டி நிற்கமுதலே குதித்தாள்.

“பாதர், போயிடாதேங்கோ! எல்லாம் இந்த அண்ணையாலை வந்தது!”

கரையில் நின்ற அவ்வளவு பேரும் கேதீஸ்வரனைப் பார்த்தார்கள்.

“ஓம் பாதர்,” என்றார் அவர். “வண்டி பழசு. பிழை என்னிலைதான்.”

செபநாயகம் குனிந்து, அறாத செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“சரி சரி, வந்திட்டியள்தானே. படங்கை எடுங்கோ, உள்ளுக்கும் தீர்த்தம் தெளிப்பம்,” என்றார் பாதர்.

“வேண்டாம் பாதர்! மேலாலை தெளிச்சாக் காணும்!” செபநாயகம் பாய்ந்து வந்தார். அதற்குள் பெடியள் நாலு பேர் படங்கை உருவிவிட்டார்கள்.

கரையில் நின்றவர்கள் படகைச் சுற்றி நெருங்கினார்கள்.

ஈரம் காயாத வலை எட்டுக் கட்டு. ஈயக்கட்டி நாலு சாக்கு. இரும்பு நங்கூரம் இரண்டு. பழைய எஞ்சின் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய ஐஸ் பெட்டி.

பாதர் எட்டிப் பார்த்தார். “செபநாயகம், வல்வெட்டித்துறையிலை கடலை மட்டும் ஏன் விட்டிட்டு வந்தனீர்?”

கரை முழுக்கச் சிரித்தது. லவீனா மட்டும் சிரிக்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

“படகு வித்தவற்றை வீட்டுக்கை நீ தேத்தண்ணி குடிக்கேக்கை... வண்டிக்கார அண்ணையும் கடைப்பக்கம் போயிட்டார்... அப்பதான் படகோடை சேர்த்து வாங்கின சாமானையும் ஏத்தினனான்,” என்று செபநாயகம் இழுத்தார். “வெறும் படகெண்டா மட்டும்தான் வருவன் எண்டு சொல்லித்தான் வந்தவர். ரெண்டாந்தரம் ஆர் வண்டி பிடிக்கிறது எண்டு...”

ஆசீர்வாதம் முடிந்தது. லவீனா தேநீரும் இரண்டு ரோல்ஸும் எடுத்துக்கொண்டு பிக்கப் பக்கம் போனாள். முகத்தை நிமிர்த்தவே கூச்சமாக இருந்தது.

“அண்ணை, உங்களுக்கு எப்ப தெரியும்?”

“தொண்டைமானாத்திலையே. வண்டி இழுக்கேலாமல் முக்கினது. படங்கைத் தூக்கிப் பாத்தனான்.”

“அங்கையே சொல்லியிருக்கலாமே! வழி முழுக்க நான் உங்களை என்ன பேச்செல்லாம் பேசினன்! இங்கையும் எல்லாருக்கும் முன்னாலை...”

கேதீஸ்வரன் ரோல்ஸை ஒரு கடி கடித்தார்.

“எனக்கு விழுந்த பேச்சு ரெண்டு மணித்தியாலத்தோடை முடிஞ்சுது தங்கச்சி. சொன்னா, அந்த மனிசனுக்கு ஆயுசு முழுக்கவெல்லோ விழும் எண்டு பாத்தனான். பாதர்தான் கெடுத்துப்போட்டார்!”