பதினொரு மணி வெயில்

அந்த மனையில் நான்கு வீடுகள் கட்ட மாநகராட்சி ஒரு நிபந்தனையோடு அனுமதித்திருந்தது. பக்கத்து வீட்டு மரகதம் வற்றல் காயவைக்க, மாடி வீடு தினமும் பதினொரு மணிக்குத் தரையிறங்கி ஒரு மணி நேரம் வெயிலுக்கு வழிவிட வேண்டும்.

ஆய்வாளராக நான் போயிருந்தேன். குடத்துத் தண்ணீர்கூடத் தளும்பாமல் வீடு இறங்கி, மரகதத்தின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. மாடி வீட்டில் குடியிருக்கும் ஷகீலா ஜன்னல் வழியே அவரிடம் கீரைக்கட்டை நீட்டினாள். இருவரும் பேசியபடியே ஆய்ந்தார்கள்.

“வத்தல் போடறத நிறுத்திட்டீங்களாமே. இனி வீடு மேலயே நிக்கட்டும்னு எழுதிடட்டுங்களாம்மா?” என்றேன்.

ஷகீலாவின் கை நின்றது.

“யாரு சொன்னா? இதோ காயுது பாருங்க சார்.” மரகதம் முறத்தைக் காட்டினார்.

மோர்மிளகாய் ஒன்றை எடுத்தேன். போன வருஷத்தியது, விரல் பட்டதும் பொடிந்தது.

‘இன்னும் காயவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.