பெரியவனின் உறுமல்

"பெரியவனை இன்னைக்கே காப்பகத்துக்கு அனுப்பிடறேன்," என்றேன், நாய்ப் பயிற்சியாளரிடம். "குட்டி வந்து பத்து நாளாச்சு. ஓயாம உறுமறான்."

"கடிச்சானா?"

"கடிக்கிற வரைக்கும் காத்திருக்கணுமா?"

என் மனைவி குட்டியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"எட்டு வருஷம் வளர்த்திருக்கீங்க. ஒரு வாரம் பார்ப்போமே, சார்."

நான் துணிக்கடைக்காரன். பேரத்தில் சுலபமாக இறங்கிவிடுவேனா?

"ஒரே ஒரு நாள்."

"சரி, ஒரு நாள்." கூடத்து அலமாரியில் ஒரு கேமராவை வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை பயிற்சியாளர் வந்ததும், மூவரும் உட்கார்ந்து பதிவைப் பார்த்தோம். நான் கடைக்குக் கிளம்பியதுமே குட்டி பெரியவனின் வயிற்றில் ஏறிப் படுத்தது. காதைக் கடித்தது. அவன் தட்டிலேயே வாய் வைத்தது. அவன் குட்டியை நக்கிக் கொடுத்தானே தவிர, ஒரு முறைகூட உறுமவில்லை.

"தங்கமா இருக்கானே," என்றார்.

"நடிக்கிறான் சார். நான் சாப்பிட வந்த நேரத்தைப் பாருங்க."

மதியம் ஒரு மணி. என் பைக் சத்தம் கேட்டதும் பெரியவன் துள்ளி எழுந்தான். குட்டியை மூலைக்குத் தள்ளி, அதை மறைத்துக்கொண்டு நின்று, பல்லைக் காட்டி உறுமினான். வாசலைப் பார்த்து.

கதவு திறந்தது. கேமரா இருப்பதையே மறந்துவிட்டேன் போல. தரையில் குட்டி செய்திருந்த ஈரத்தைப் பார்த்ததும், மூலையிலிருந்த இரும்புக் கோலை எடுத்தேன்.

"அது எதுக்கு, சார்?" என்றார் மெதுவாக.

"துணி அளக்க," என்றேன்.

திரையில் கோல் ஓங்கியது. பெரியவன் நகரவில்லை. எங்கே விழும் என்று தெரிந்தவனைப் போல, கண்களை மட்டும் மூடிக்கொண்டான்.